அண்ணன் வீடு மாறுகிறான்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் சளி, காய்ச்சல் எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வாரம் போனைப் பாதியில் வைத்துவிட்டாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கடிதம். குட்டியைத் தூங்கவைத்துவிட்டு நிதானமாகப் படி.

தீவிலிருந்து வந்த கடிதத்தை அன்று நான் உனக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. எழுதியவள், உன் அண்ணன் உடம்பைக் கடலிலிருந்து எடுத்த மீனவரின் மகள், அங்கே பள்ளியில் டீச்சர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் புயலில் அவன் வேலை பார்த்த கப்பலிலிருந்து விழுந்தபோது, சட்டையில் தைத்திருந்த பெயரை வைத்து ஆள் யாரென்று தெரிந்து நமக்குத் தகவல் வரவே மூன்று வாரம் ஆனது உனக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை உடம்பை வைத்திருக்க வழியில்லாமல் அந்த மீனவர் தன் வீட்டு முன்னாலேயே, தன் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டார். அந்தப் பாலினேசியத் தீவில் வீட்டு மனிதர்களை அப்படித்தான் வாசலோடு வைத்துக்கொள்வார்களாம், ஊருக்கு வெளியே கொண்டுபோக மாட்டார்களாம். இப்போது மீனவரும் போய்விட்டார், கடலும் வாசற்படிக்கு வந்துவிட்டது. மேட்டில் புது வீடு கட்டியாகிவிட்டது, வாசலில் அடக்கம் செய்த எங்கள் ஆட்களையும் தோண்டி எடுத்துக்கொண்டுதான் போகிறோம், உங்கள் பிள்ளையை மட்டும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போக மாட்டோம், ஆனால் அவனைப் பெற்றவர்கள் நீங்கள், கேட்டால் தந்துவிடுகிறோம், எதுவானாலும் நேரில் வாருங்கள் என்று எழுதியிருக்கிறாள்.

மூன்று விமானம் மாற வேண்டும். எங்களுக்காக டீச்சர் தனியாக ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறாள். வீட்டுக்குள் உட்கார்ந்தால் யார் பக்கமும் கால் நீட்டக் கூடாது, முடியாவிட்டால் பாயைப் போட்டு மூடிக்கொள்ளலாம். சாயங்காலம் சங்கு ஊதினால் ஜெப நேரம், தெருவில் நடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்ய மாட்டார்கள். கொட்டாங்கச்சியில் ஒரு பானம் கொடுப்பார்களாம், சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு அப்பா, உன் காப்பியைக் குடிச்சுப் பழகினவன்தானே நான் என்கிறார். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், தினமும் கூடத்தில் சம்மணம் போட்டுப் பழகுகிறார். எழுந்திருக்கத்தான் நாற்காலியும் நானும் வேண்டியிருக்கிறது.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். அவனை நம்ம ஊருக்கே கொண்டுவந்துடுங்கம்மா, யாரோ வீட்டு வாசல்ல அவன் எதுக்கு இருக்கணும் என்று நீ கேட்டாய். அப்பாவுக்கும் அதே எண்ணம்தான். எலும்பைக் கொண்டுவர என்னென்ன பேப்பர் வேண்டும் என்று விசாரிக்கத்தான் செவ்வாய்க்கிழமை டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். அந்தப் பையன் முதலில் விசா பாரத்தைக் கொடுத்தான். பயணத்தின் நோக்கம் என்று ஒரு இடம். சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்க்க, மற்றவை. அப்பா பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரிசை வேறு. சார், மத்தவைன்னு டிக் பண்ணுங்க சார், அதான் சரியா வரும் என்றான் அந்தப் பையன். அப்பா உறவினரில் டிக் போட்டார். அங்க உங்களுக்கு யாரு சார் சொந்தம், பேரு எழுதணுமே என்றதற்கு, என் பையன் பதினோரு வருஷமா இருக்கிற வீட்டுக்காரங்கப்பா என்று சொல்லி டீச்சரின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். அதன் பிறகு எலும்புக்கான பேப்பரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் எத்தனையோ பார்த்தவள், கண்ணாடியைத் தேடுவதுபோல் கைப்பைக்குள் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, அவன் அவங்களோடயே போகட்டும் என்றார். சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. உனக்கு இது வலிக்கும், தெரியும். ஆனால் நம் ஊரில் அவனை எங்கே வைப்போம் சின்னு, நகரத்துக்கு வெளியே நம்பர் போட்ட ஒரு இடத்தில். நாங்கள் போன பிறகு அங்கே யார் போவார்கள், நீ கடல் தாண்டி இருக்கிறாய். அங்கே காலையில் கதவைத் திறந்தால் அவன் முகத்தில்தான் விழிக்கிறார்கள்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி மாற்றுகிறார்கள். நீ அந்தப் பக்கமிருந்து நேராக வந்துவிடலாம். முழங்கால் மறைகிற பாவாடை எடுத்து வை, பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா பார். நல்லா இருங்கள் மூன்று பேரும், ஒரு குறையும் வரக் கூடாது.

டீச்சர் ஒன்று கேட்டிருக்கிறாள். புது வாசலில் அவனுக்குக் கடல் பக்கமா, மலைப் பக்கமா என்று. அவன் தங்கை வந்து சொல்வாள் என்று பதில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா