கரும்புச் சங்கத்தின் பத்தொன்பது பெயர்கள்

மல்வேர்ன், ஸ்காபரோ
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அட்சயாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்குக் கோபித்துக்கொண்டு கிடக்கிறது. பிஜி வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்மாளை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுத பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சின்னக் கரும்புத் தோட்டக்காரரின் சங்கங்களைப் பற்றி நீ உன் ஆராய்ச்சியில் எழுதிய அத்தியாயத்தை எடுத்துவிடு என்றாராம் உன் பேராசிரியர். அந்தச் சனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வெளியாட்கள் தூண்டித்தான் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார்கள், கிழவர்களின் வாய்ப்பேச்சை விட்டால் அவர்கள் எழுதி வைத்த ஒரு தாளாவது இருக்கிறதா என்று கேட்டாராம். நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். எடுக்காதே, மகள். தாள் இருக்கிறது. நேற்று நானே அதை வாசித்தேன்.

என்னோடு நேர்சிங் ஹோம் லோன்றியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்த தனம்மா அக்காவை உனக்குத் தெரியும், பிஜியில் பிறந்தவர், பென்சன் எடுத்த பிறகு ஒஷாவாவில் மகனோடு இருக்கிறார். அவருடைய தாத்தா சின்னக்கண்ணு கம்பெனி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு நட்டவர். கம்பெனியின் கணக்குக் கொப்பி ஒன்றைத் திருடி ஆறு மாதம் மறியலில், வெள்ளைக்காரன் சிறையில், கிடந்தார் என்றும், அந்தக் கொப்பி இன்னும் தங்களிடம் இருக்கிறது என்றும் ஒருமுறை துணி மடிக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது ஞாபகம் வந்ததும் நேற்று லீவு போட்டுவிட்டு பஸ் எடுத்துப் போனேன். திருட்டுச் சாமான், அத எதுக்கும்மா பாக்கணும் என்று அக்கா மறுத்தார். அவருக்குத் தமிழ் பேச வருமே தவிர ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அக்கா, நான் வாசிக்கிறன், நீங்கள் கேளுங்கோ, பிறகு திருட்டோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ என்று விடாமல் நின்றேன்.

அது கம்பெனிக் கொப்பியே இல்லை, பிள்ளை. கரும்புக்காரர் சங்கம், 1938 என்று முதல் பக்கத்திலேயே தமிழில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் என்ன பேசினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மில்லில் கரும்பு நிறுக்கும்போது தராசடியில் நம்முடைய ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், கம்பெனி முடியாது என்றிருக்கிறது. அப்படியானால் ஒரு கரும்பும் வெட்டுவதில்லை என்று பன்னிரண்டு பேர் கையெழுத்து, ஏழு பேர் பெருவிரல் அடையாளம். கரும்பு காய்ந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கும் இல்லை, வெட்டப் போகவா என்று ஒருவர் கேட்டதும் இருக்கிறது. அவரை ஒருவரும் ஏசவில்லை. ஆளுக்கு ஒரு படி அரிசி அவர் வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவு. கடைசிப் பக்கத்தில், கம்பெனி ஓவர்சியர் சங்கத்துப் பெயர்களைக் கேட்கிறார், கொடுத்தால் பத்தொன்பது பேரின் நிலமும் பறிபோகும், ஆகவே கொப்பி சின்னக்கண்ணுவிடம் இருக்க வேண்டியது, அடித்தாலும் கொடுப்பதில்லை என்று எழுதிக் கோடு இழுத்திருக்கிறது. அவர் கொடுக்காத அந்தக் கொப்பியைத்தான் தன்னுடையது என்று சொல்லிக் கம்பெனி அவரைத் திருடனாக்கி மறியலில் போட்டிருக்கிறது.

அக்கா மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். அழவில்லை. அப்ப எங்கப்பா சாகற வரைக்கும் திருடன் மகன்னு தலை குனிஞ்சு நடந்தாரே, யாரு செஞ்ச வேலை இது என்று மேசையில் ஓங்கி அடித்தார். பழசைக் கிளறாதே மம்மி என்று சொல்ல வந்த மகன் அந்தச் சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டான். கம்பெனி சொன்னதை எண்பது வருசத்துக்கு மேல நம்பிட்டோம், இனி நாங்க சொல்றத அவங்க கேக்கட்டும், எங்க தாத்தா பேர முழுசாப் போடச் சொல்லு என்றார்.

நாற்பத்திரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வருடக் கரும்பு காய்ந்தாலும் ஒருவர் நிலமும் பறிபோகவில்லை, அடுத்த வருடம் தராசடியில் சங்கத்து ஆள் நின்றார் என்று கிழவர்கள் உனக்குச் சொன்னதை இனி ஆர் வாய்ப்பேச்சு என்கிறார்கள் பார்ப்போம். சில விவசாயிகள் என்று மழுப்பாதே. பத்தொன்பது பெயரையும் எழுது, பெருவிரல் வைத்தவர்களின் பெயரை முதலில் எழுது. பேராசிரியர் பிறகும் எடுக்கச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேள். படிப்பு ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும், நானும் அப்பாவும் இருக்கிறோம்.

அம்மாள் உன் நாவிலும் கையிலும் துணை நிற்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. சனிக்கிழமை அக்காவுக்கு மறவாமல் போன் எடு. தாத்தா மறியல் இருந்த இடம் எது என்று கேட்பார், முதலில் போய்ப் பார்த்துவிட்டு எடு.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அம்மா
புனிதவதி