பாப்பாவை எப்போது தூக்கலாம்

பிப்ரவரி 6
அணுக்கரு இயற்பியல், ஒன்பதாம் பாடம், கடைசிக் கணக்கு. தைராய்டை எடுத்துவிட்ட ஒருவரின் உடலில் கதிரியக்க அயோடின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய எத்தனை நாள்? அயோடினின் அரை ஆயுள், அதாவது தானாகப் பாதியாகக் குறையும் காலம், எட்டு நாள். எனக்கு எண்பது வந்தது. புத்தகத்தின் பின்பக்க விடை ஒரு வாரம்கூட இல்லை. கணக்கில் கொடுத்திருந்த இன்னொரு எண்ணை எங்கே போடுவதென்றே தெரியவில்லை. பேராசிரியரைக் கேட்டேன். அச்சுப் பிழையாக இருக்கும், தேர்வுக்கு வராது, விடு என்றார்.

எப்படி விடுவது? தைராய்டுப் புற்றுநோய்க்கு அதே அயோடினை மருந்தாக எடுத்துக்கொண்ட அக்கா மாடி அறையில் தனியாக இருக்கிறாள். உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும், மூன்று வாரம் தன் பாப்பாவைத் தூக்கக் கூடாது என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். அவளுக்கு நம்பிக்கை இல்லை. "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. நீ படிக்கிறவ, நீ சொல்லு" என்று போனில் கேட்டாள்.

எண்பது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11
சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு நான் இறங்கிய பிறகுதான் தாழ்ப்பாள் விலகுகிறது. நாள் முழுக்க தலைக்கு மேல் அவள் நடக்கிற சத்தம். அது நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 19
பாப்பா படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா, அம்மா என்று அழுதது. மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு அக்கா போனில் சொன்னாள்: குரல் கேட்டால் ஏங்கிப்போகும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாளாம்.

பாப்பா இப்போது என் பக்கத்தில்தான் தூங்குகிறது.

பிப்ரவரி 28
மூன்று வாரம் முடிந்துவிட்டது. அத்தான் போய்க் கதவைத் தட்டினார். எண்பது நாள் ஆகட்டும் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

மார்ச் 9
அந்த இன்னொரு எண் எதற்கென்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. இணையத்தில் கேட்டதற்கு ஒருவர் வெறும் சூத்திரத்தை அனுப்பினார்.

மார்ச் 20
புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கே போனேன். கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கிற அம்மா ஒருவர் என் கணக்கைப் பார்த்துவிட்டுப் பென்சிலை வாங்கினார்.

"அயோடின் தானா குறையறத மட்டும் போட்டிருக்கீங்க. உடம்பு சும்மா இருக்குமா? அதுவும் வெளியேத்திக்கிட்டே இருக்கும்ல. அதுக்குத்தான் அந்த இன்னொரு எண்."

நாலு வரியில் புத்தகத்து விடை வந்துவிட்டது. அச்சுப் பிழை இல்லை. மருத்துவமனையில் சொன்ன மூன்று வாரமே தாராளம்.

ஐயோ, நான் எதுக்கு வாயத் தொறந்தேன்?

மார்ச் 22
கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளிருந்து அக்கா, "நெஜமாவா?" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 24
அக்கா கீழே வந்தாள். பாப்பா என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஏப்ரல் 3
மதியம் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அதன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். விழித்திருக்கும்போது அவள் தொட்டால் வீறிட்டு அழுகிறது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "முழிச்சுக்கும் போல இருக்கு. நீ வந்து படுத்துக்கோ" என்று எழுந்து இடம் விட்டாள்.