இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. இடவப்பாதி மழை தொடங்கினால் கரமனையில் துணி காயாது. முன்னறைக் கொடியில் நேற்றைய புடவையே இன்னும் ஈரம்.

பதினோரு மணிவாக்கில் வாசலில் ஆட்டோ. தம்பி மணி தன் ஸ்பீக்கரை அனுப்பிவிட்டான். "பூஜப்புரையிலே சார் தந்நு விட்டதாணு, சேச்சி" என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார் ஆட்டோக்காரர். கூட ஒரு வார்த்தை? கிடையாது. அடுத்த செவ்வாய் மகளிடம் கனடாவுக்குப் போகிறான், ஒரேயடியாக. வீட்டைக் காலி செய்கிறான். அந்தக் கழிவில் இதுவும் ஒன்று போல.

அப்பா துபாய் நண்பர் மூலம் வாங்கிய ஜோடி அது. அம்மா போனபின் பாகம் பிரித்தது சித்தப்பா. "ரெண்டா இருக்கறது எதானாலும் ஆளுக்கு ஒண்ணு" என்று தீர்ப்பு. இடது ஸ்பீக்கர் எனக்கு, வலது மணிக்கு. இட்லிப் பானை எனக்கு, தட்டு அவனுக்கு! யாராவது கேட்டால் சிரிப்பார்கள். வீடு எனக்கு, தென்காசி வயல் அவனுக்கு. அதுதான் அவனுக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. தீபாவளிக்கு வருவான், பலகாரத்தை நீட்டுவான், மழையானாலும் குடையோடு தெருவிலேயே நிற்பான். அழுத்தக்காரன்.

போவதற்குள் ஒருமுறை உள்ளே வந்து உட்கார வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 11, புதன்

வெயில். துணி காய்ந்தது. கிழக்கேகோட்டை போய் வந்தேன். பி.பி. மாத்திரை, நல்லெண்ணெய், ஸ்பீக்கர் ஒயர், ஒயர் நுனியில் பூட்டும் பனானா ப்ளக் ஒரு பாக்கெட். பழைய ஆம்ப்ளிஃபயர் போன மாதம் புகைந்து போயிற்று. என் பையன் அனுப்பிய புதியதற்கு இந்த ப்ளக்தான் சேரும்.

மணியின் ஸ்பீக்கர் முதுகில் சிவப்பு, கருப்புத் திருகுகள். எப்போதோ மாற்றியிருக்கிறான். ப்ளக் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. என்னுடையதில் அதே பழைய ஓட்டைகள், ஒன்று உருண்டை, ஒன்று பட்டை. ப்ளக் நுழைவேனா என்கிறது. ஒரே பெட்டியில் வந்தவை, இப்போது ஒரு ஒயர் இரண்டுக்கும் சேராது.

திரும்பவும் கடைக்கு. பழைய மாதிரி கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். "இது இப்போ எவிடேயும் கிட்டில்லா சேச்சி. புதிய ஸ்பீக்கர் வாங்கிக்கோ." உன் புதிய ஸ்பீக்கரை நீயே வைத்துக்கொள் என்று மனதுக்குள். பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு.

ஜூன் 13, வெள்ளி

தூறல். மூட்டு வலி.

இரவெல்லாம் யோசித்தது பல் தேய்க்கும்போது தெளிந்தது. பழைய ஒயரின் ஒரு நுனி என் ஸ்பீக்கருக்குச் சேரும். மறு நுனியை வெட்டி, அங்கே பனானா ப்ளக் பூட்டினால்? காய் நறுக்கும் கத்தியால் சீவினேன். விரலும் கொஞ்சம். உள்ளே இரண்டு கம்பி, இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எது சிவப்புக்கு, எது கருப்புக்கு? பிள்ளையார் விட்ட வழி என்று பூட்டினேன்.

ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் கச்சேரி கேசட்டைத் தொடவில்லை, அது மணி வந்தால்தான். இரண்டும் பாடுகின்றன, ஆனால் பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பாடுகிறவர் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி. கனமே இல்லை.

எரிச்சல். போனை எடுத்துவிட்டேன்.

"டேய், உன் ஸ்பீக்கர் சரியில்லை. வந்து பாரு."

"என் ஸ்பீக்கருக்கு ஒரு கேடும் இல்லை. உன்னுதாக்கும் கேடு!"

"அப்படின்னா வந்து காட்டு."

பட்டென்று வைத்துவிட்டான். பாவி, முன்கோபம் அப்படியே அப்பா.

ஜூன் 14, சனி

வந்தான்! காலை இட்லி வெந்துகொண்டிருக்கும்போது. கேட், படி, முன்னறை, ஒன்றையும் கவனிக்கவில்லை. நேரே ஸ்பீக்கர் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் மூச்சு விடவில்லை, எங்கே ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவானோ என்று.

"ஒண்ணைத் திருப்பிப் பூட்டியிருக்கே. ஒண்ணு முன்னால தள்றது, ஒண்ணு பின்னால இழுக்கறது. பின்னே எப்படிப் பாடும்?"

இரண்டு ப்ளக்கையும் இடம் மாற்றினான். கேசட்டைப் போட்டேன். பாட்டு நடுவில் வந்து நின்றது, அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே.

வலது பக்கம் மிருதங்கம் கொட்டுகிறது. இத்தனை வருஷம் இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்டதால் இந்தக் கேசட்டில் எனக்கு வயலின்தான். மிருதங்கம் பக்கத்துத் தெருவில் வாசிக்கிற மாதிரி மங்கலாக. இதன் நகல் ஒன்று அவனிடமும் உண்டு, வலது ஸ்பீக்கரில் அவனுக்கு நேர்மாறு போலிருக்கிறது. சட்டென்று தலையைத் தூக்கி, "அக்கா, இந்த எடத்துல வயலின் உண்டா?" என்றான். கண் நிறைந்து போயிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

இட்லி சாப்பிட்டான். ஐந்து. கிளம்பும்போதுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உறைத்தது போல, கேட்டில் கை வைத்து நின்றான்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் உள்ள வரணும்னுதான் வருவேன்."

"வர வேண்டியதுதானே! யாரு தடுத்தா?"

"நீ கூப்பிடலியே."

"நீ பொறந்த வீட்டுக்கு உன்னை எதுக்குடா கூப்பிடணும்?"

குடையை விரித்தான். திட்டியிருக்கலாம் அவனை, முதல் தீபாவளி அன்றைக்கே. கையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

விடியற்காலை விமானம். நான் போகவில்லை, வேண்டாம் என்றான். தண்ணீர் வரி கட்ட வேண்டும். பால்காரர் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

மழை. சாயங்காலம் போன். அங்கே காலையாம், குளிராம், காபி சகிக்கவில்லையாம். நல்லா வேணும்.

"கேசட்டைப் போடு. போனை நடுவில வை."

"போனில ரெண்டும் ஒண்ணாத்தானேடா கேக்கும்?"

"ஒண்ணாக் கேட்டாப் போறும்."

நடுவில் வைத்தேன்.