கால்வாயில் அப்பா பார்க்காத படகு

நஜ்மா பகுதி, தோஹா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தன்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் அங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டு, வேளைக்கு ஏதாவது சூடாகச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் அம்மாவுக்கு டிரைவிங் கிளாஸ் எதற்கு என்று போனில் சிரித்தாய். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். விஷயம் சிரிப்பதற்கில்லை. எழுதினால்தான் யாரும் குறுக்கே பேசாமல் முழுதாகச் சொல்ல முடியும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் வந்திருந்தபோது எங்கள் கல்யாண நாளுக்கென்று கால்வாயில் ஒரு நாள் ஓட்ட அந்த நீளப் படகை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாய் அல்லவா, கடைசி நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் டியூட்டியை மாற்றிவிட்டார்கள் என்று நீ ஓடிவிட்டாய், நாங்கள் இருவர் மட்டும் போனோம். சாயங்காலம் நீ கேட்டபோது அருமையாக இருந்தது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ரயில் பெட்டியை நீளவாக்கில் பாதியாக நறுக்கி மிதக்கவிட்டதுபோல ஒரு படகு, உள்ளே அடுப்பு, கெட்டில், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பின்னால் நின்று சுக்கான் கட்டையைப் பிடிக்க வேண்டும், இடது பக்கம் போக வலது பக்கம் தள்ள வேண்டும். படகுக்காரர் சொல்லிக் கொடுத்ததை அப்பா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கரையில் நாயோடு நடந்த ஒரு பெரியவர் எங்களை முந்திக்கொண்டு போனார் என்றால் வேகத்தைப் பார்த்துக்கொள். இங்கே சிக்னல் பச்சையாவதற்குள் பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறார்கள், அங்கே வாத்து நகரும்வரை நாங்கள் காத்திருந்தோம். புளியோதரையைக் கையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு அப்பா ஓட்டினார், நான் வெங்காய வடகம் பொரித்துக்கொண்டு வராததற்கு வருத்தப்பட்டேன்.

ஒரு கல் பாலத்தைத் தாண்டியதும் இடது கரையோரம் ஒரு படகு கட்டியிருந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், கூரைமேல் பூந்தொட்டிகள், வெளியே ஒரு அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் படகு நேரே அதை நோக்கிப் போகிறது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு, "என்னங்க, போட்டு! இடது பக்கம் போட்டு!" என்று கத்தினேன். அப்பா முன்னால் பார்த்தபடியே நிதானமாக, "எந்தப் போட்டு?" என்று கேட்டார். தன்யா, அவ்வளவு பெரிய படகு அவர் கண்ணிலேயே படவில்லை. நானே பாய்ந்து கட்டையைத் தள்ளினேன், உரசிக்கொண்டு தப்பினோம், ஒரு பூந்தொட்டி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அந்த அம்மாள் கோபிக்கவே இல்லை, தொட்டிதானே போகட்டும் என்று எங்களுக்குக் கையசைத்தாள்.

கொஞ்ச தூரத்தில் படகைக் கரையில் கட்டவைத்துக் கேட்டேன். முதலில் வெயில் கூசியது என்றார். அன்று உன் ஊரில் வெயிலே இல்லை. நான் விடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாளாவே அந்தப் பக்கம் சரியாத் தெரியல நளினி. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துதான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். இந்தக் கண்ணோடுதான் லாரிகளுக்கு நடுவே தினமும் தொழில்பேட்டையில் கட்டட வேலை சைட்டுக்குப் போய் வந்திருக்கிறார். நம் வீட்டு முனையிலேயே ஒரு டெலிவரி பைக்காரன் மயிரிழையில் தப்பியிருக்கிறான். கண் சரியில்லை என்று தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இனிமே நீங்க ஓட்ட வேணாம்" என்றேன். "படகையுமா?" என்றார். படகையும்தான் என்று சொல்லிக் கட்டையைக் கையில் வாங்கினேன். சைக்கிள்கூட ஓட்டாதவள் நான். முதலில் கரைப் புல்லில் இரண்டு தடவை போய் முட்டினேன், அப்பா மூங்கில் கழியால் தள்ளிவிட்டார். திரும்பி வரும்போது அதே பாலத்தடியில் எங்கும் உரசாமல் கொண்டுவந்தேன். தோஹாவில் காரையும் நான்தான் ஓட்டப் போகிறேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே வந்ததும் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிளாக்கோமா என்கிறார்கள், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடுகிறதாம். இடது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதான், திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். மருந்தை நான்தான் விடுகிறேன், மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பா பயந்தபடி வேலை போகவில்லை. மேனேஜர் லுக்மான் சார், "கலாஸ் பாய், சைட்டுக்குப் போனது போதும், ஆபீஸ்ல டிராயிங் பாருங்க" என்று சொல்லிவிட்டாராம். சைட்டில் நிற்காமல் அப்பாவுக்குக் கொஞ்சம் முகம் வாடித்தான் இருக்கிறது, பழகிவிடும். எனக்கு டிரைவிங் சொல்லித் தருகிற ஷம்சியா இலங்கைப் பெண், "பயப்பட வேணாம் அக்கா, கையை இளக்கிப் பிடிங்க" என்று பொறுமையாகச் சொல்வாள். முதல் நாள் படகு ஞாபகத்தில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். போன வாரம் டெஸ்டில் பார்க்கிங்கில் ஃபெயில். மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். அதிலும் ஃபெயில் என்றால் அதற்கு அடுத்ததற்கும் போவேன்.

இப்போது நான் கடிதம் எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன். இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம், ஆரம்பத்தில் வலியும் இருக்காது, அடையாளமும் இருக்காது, மகளைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறாய், உன் கண்ணை யாரிடம் காட்டினாய்? டியூட்டி, லீவு இல்லை, அடுத்த மாதம் என்று எதுவும் சொல்லாதே. இந்த வாரமே போ, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. அனுப்பாவிட்டால் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன், வரமாட்டேன் என்று நினைக்காதே.

எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். குழந்தையைப் பயமுறுத்துகிறாயே என்று முதலில் தடுத்தார். பிறகு அவரே, "அனுப்பு. நான் மறைச்ச மாதிரி அவ மறைக்கக் கூடாதுன்னு நான் சொன்னதா எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

கண்ணும் உடம்பும் குறைவின்றி நீ நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். பரிசோதிக்கும்போது கண்ணில் மருந்து விடுவார்களாம், பார்வை மங்கும், தனியாகப் போகாமல் யாரையாவது துணைக்கு அழைத்துப் போ.

உன் அம்மா,
நளினி சேதுராமன்