சில்லு பொருந்தாத அரிசி

நிலைபெறுக திரைநாடு. ஏழு கழிமுகங்களுக்கும் காவலராய், இன்று வடபுலப் பாசறையில் வீற்றிருக்கும் கோ நெடுந்திரையரின் கொற்றம் ஓங்குக. அவர் திருவாணை தாங்கி முத்தலைப்பட்டினத்துப் பண்டாரத்தை நடத்தும் அமைச்சன் மருதூர்கிழான் எயினன், கரும்பாறைத் தீவின் கோட்டைத்தலைவரும் அலைக்கு அஞ்சாதவருமான பூதங்கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் உறுதியோடு நிற்க. உம் கிணற்றில் உவர் ஏறாதிருக்க. உம் வீரர் நோயின்றி வாழ்க.

இவ்வளவு படித்ததும் ஓலையைக் கீழே வைக்க. தென்துறைக்குப் போகும் மரக்கலம் இன்னும் நங்கூரம் தூக்கவில்லையெனில், தூக்க வேண்டா என்று ஆள் அனுப்புக. அனுப்பிவிட்டு வந்து மீதியைப் படிக்க.

அக்கலத்தில் ஏற்றப்பட இருப்போருள் தித்தன் என்பான் ஒருவன். கலங்களுக்குத் துறைவழி காட்டுபவன். சென்ற கார்காலத்தில் அரசர்க்குரிய நெற்கலத்தை முகத்துவாரத்து மணல்திட்டில் ஏற்றிவிட்டான். விதித்த தண்டம் நூறு பொன். கட்டும்வரை உம் கோட்டையில் காவல். தண்டம் முறையானதே. அதைக் குறைக்கும் உரிமை எமக்கில்லை. அரசர்க்கே உண்டு, அரசரோ போர்முனையில் இருக்கிறார்.

காவலில் இருப்பவனுக்குரிய படியரிசியை ஒவ்வொரு நிறைமதிக்கும் அவன் வீட்டார் அனுப்ப வேண்டும் என்பது உம் கோட்டை முறை. அடுத்தடுத்து இருமுறை அரிசி வாராதாயின் அவனைக் கைவிடப்பட்டோன் என்று எழுதுவீர். கைவிடப்பட்டோரைத் தென்துறை உப்பளத்துக்கு ஏற்றுவீர். அங்கிருந்து எவரும் திரும்பியதில்லை. தித்தனுக்கு இருமுறை அரிசி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர். எழுதியது பொய்யன்று. ஆயினும் அவன் கைவிடப்பட்டோன் அல்லன். அது எவ்வாறு என்பதைச் சொல்லவே இவ்வோலை நீள்கிறது.

அவன் மனைவி நல்லினி. கப்பல் தளத்தில் கயிறு திரிப்பவள். கணவனைத் தீவுக்குக் கொண்டுபோன மறுநாளே வீட்டை விற்றாள். படகை விற்றாள். காதில் கிடந்ததையும் விற்று, நார்க்கிடங்கின் ஓரத்தில் படுத்துறங்கினாள். சேர்த்ததையெல்லாம் சங்கு மாடத்தில் வைத்தாள். பட்டினத்தார் தம் பொன்னைக் காப்புக்கு வைத்து எடுக்கும் மாடங்களில் அதுவே மூத்தது. அவள் பொன்னிலிருந்து எடுத்துத் தவறாமல் உம் கோட்டைக்கு அரிசி அனுப்பி வந்ததும் அந்த மாடமே.

சங்கு மாடத்தார் வழக்கம் நீர் அறிந்ததே. பொன் வைப்பவர் பெயருக்கு ஒரு சங்கை மூன்றாக அறுப்பர். ஒரு சில்லு மாடத்தில். ஒன்று உடையவர் கையில். மற்றொன்று பொருள் பெறும் இடத்தில். அரிசியோடு வருபவன் மாடத்துச் சில்லைக் கொண்டுவர, உம் வாயிற்காவலன் தன்னிடமுள்ளதோடு பொருத்திப் பார்த்தே மூட்டையை வாங்குவான். முன்பொரு காலம் பகைவர் நஞ்சு கலந்த அரிசி அனுப்பிக் காவலில் இருந்தோரைக் கொன்றதால் வந்த கட்டு அது. நல்ல கட்டு.

தொண்ணூற்றைந்து பொன் சேர்ந்தது. அதன்பின் நின்றுவிட்டது. கப்பல் தளத்தில் வேலை குறைந்தது. அவளிடம் விற்க ஏதுமில்லை. அந்த நாளில்தான் புதிதாக எழுந்த தாழை மாடத்தார் தெருத்தெருவாகப் பறையறைவித்தனர். பழைய மாடத்தை விட்டு முழுப் பொன்னோடும் தம்மிடம் வருவோர்க்கு ஐந்து பொன் வருகைப்பொன் தருவதாகவும், பழைய இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்த செலவுகளையெல்லாம் தாமே இடையறாது செலுத்துவதாகவும், வருவோர் விரலும் அசைக்க வேண்டாவெனவும் அறைந்தனர்.

ஐந்து பொன். அவளுக்குக் குறைந்ததும் அதுவே. கையிலிருந்த நாரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாளாம்.

சங்கு மாடத்துக் கணக்கர் அவளுடைய சில்லைக் கேட்டு வாங்கினார். மாடத்தில் இருந்ததையும் எடுத்தார். விட்டுப் போகிறவர் சில்லுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது அவர்கள் மரபு. அவள் கண்முன்னே சூளையில் இட்டார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தீவில் மூன்றாம் சில்லு ஒன்று இருப்பதும், இனி அதற்கு இணையில்லை என்பதும் அப்போது அவள் நினைவில் எழவில்லை. தாழை மாடத்தாரும் அதை நினைக்கவில்லை. அவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.

தாழை மாடத்தில் பொன்னை எண்ணிக் கொடுத்தபின் வருகைப்பொன்னைக் கேட்டாள். மூன்று நிறைமதி அங்கேயே இருந்த பொன்னுக்குத்தான் அது உண்டு என்றனர். பறையில் அது சொல்லப்படவில்லையே என்றாள். பறையடிப்பவனுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்று ஒருவன் சொன்னான். பொறுத்தாள். மூன்று மாதம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

தாழை மாடத்தார் சொன்னபடியே அரிசி அனுப்பினர். சங்குச் சில்லுக்கு மாறாக அவர்கள் ஆள் கொண்டுவந்தது தாழம்பூப் பொறித்த மரக்கட்டை. உம் வாயிற்காவலன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே தலையில் பூ வைக்கும் வழக்கமில்லை என்று சொல்லி, மூட்டையைப் படகிலேயே ஏற்றிவிட்டான். அவன் செய்தது கடமை. மூட்டை மாடத்துக் கிடங்குக்குத் திரும்பியது. திரும்பியதை நல்லினிக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த நிறைமதியிலும் இவ்வாறே நடந்தது.

அவள் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நிறைமதியை எதிர்நோக்கியிருந்தாள்.

காவல்முறை முடிந்து உம் கோட்டையிலிருந்து வந்த வீரன் ஒருவன் நேற்றுக் கயிறு வாங்கப் போனான். அவளை அறிந்தவன். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வற்புறுத்திக் கேட்கவே, இருமுறை அரிசி வாராததையும் உப்பளத்துக்குப் பெயர் எழுதியதையும் சொன்னான். தித்தன் முதல் மாதம் வாயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம். இரண்டாம் மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டானாம். அரிசி வாராதோர்க்கு ஊற்றும் கோட்டைக் கஞ்சியைப் பாதிதான் குடிக்கிறானாம். அவள் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டாள் என்று உடனிருப்போர் சொன்னபோது, தேடிக்கொண்டால் நல்லதுதான் என்றானாம்.

அதற்குமேல் அவள் எங்கும் நிற்கவில்லை. தாழை மாடத்துக்குப் போய்ப் பொன்னைத் திரும்பக் கேட்டாள். இப்போது எடுத்தால் வருகைப்பொன் இல்லை என்றனர். வேண்டா என்றாள். வாங்கிக்கொண்டு சங்கு மாடத்துக்கு ஓடினாள். புதுச் சங்கு அறுத்துத் தீவுக்கு அனுப்பிப் பதிய ஒரு மாதம் ஆகும் என்றனர். ஒரு மாதத்தில் அவர் உப்பளத்தில் இருப்பார் என்று கும்பிட்டாள். கணக்கர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னாராம்: “அஞ்சு பொன்னுக்குத் தாவத் தெரிஞ்சவளுக்குக் கடல் தாவத் தெரியாதா? உன் சில்லு வேணும்னா இந்தா, இதுல கொஞ்சம் இருக்கும்.”

அங்கிருந்து எம் வாயிலுக்கு வந்தாள். காவலர் தள்ளினர், நகரவில்லை. என்ன வேண்டும் என்று யாம் கேட்டதற்கு, தண்டத்தைக் குறைக்கக் கேட்கவில்லை. ஐந்து பொன்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தண்டப்பொன் பண்டாரமோ அமைச்சரோ கொடுத்ததாக இருக்கலாகாது என்பது சட்டம். அவள் சொன்னதை அவள் வாய்மொழியிலேயே எழுதுகிறோம்: “ஐயா, நான் விட்டது மாடத்தை. அவரை இல்லை. அதை மட்டும் யாராவது அவர்கிட்டச் சொல்லணும்.”

ஆகவே அரசர் திருப்பெயரால் ஆணையிடுவதாவது.

தித்தன் பெயரைக் கைவிடப்பட்டோர் வரிசையிலிருந்து நீக்குக. பசியும் நாடுகடத்தலும் அவனுக்கு விதித்த தண்டத்தில் இல்லை. இவ்வோலையோடு வரும் அரிசியைச் சில்லு பொருத்தாமலே ஏற்க. நஞ்சென்று ஐயுற்றால், கொண்டுவருபவளையே உம் முன்னிலையில் உலையேற்றி முதற்கவளம் உண்ணச் சொல்லுக. உண்பாள், நேற்று முதல் அவள் ஏதும் உண்ணவில்லை. சில்லைச் சுடுமுன் பொருள் பெறுவோர்க்கு அறிவிக்க வேண்டும் என்றும், திருப்பப்பட்ட மூட்டையை உடையவர்க்கு உடனே சொல்ல வேண்டும் என்றும் இரு மாடத்தார்க்கும் தனியோலை போயிற்று. அது இவளுக்கு உதவாது.

மரக்கலம் போய்விட்டதெனில் அதை அவளிடம் நீட்டிச் சொல்ல வேண்டா. விரைவுப் படகும் துடுப்பாளரும் தருக. எம் பெயரைச் சொல்லி நடுக்கடலில் கலத்தை நிறுத்தச் சொல்லுக. படகில் இடமில்லையென்று அவளை இறக்கிவிடாதீர். ஆள் குறைந்தால் துடுப்பு அவள் கையில் தருக, துறைவழிகாட்டியின் மனைவி.

அவனைக் கண்டால், இரு மாதம் சோறு வாராத காரணத்தை நீர் சொல்ல வேண்டா. அவள் சொல்லட்டும்.

பண்டாரத்து மண்முத்திரை இட்டோம். கடல் ஓதம் வடியுமுன் படகு புறப்பட வேண்டியிருப்பதால் முத்திரை காயக் காத்திருக்கவில்லை. நூலின் முடிச்சில் ஈரமண் நெளிந்து, அதில் கயிறு திரித்துத் தேய்ந்த விரலின் தடம் இருப்பின் முத்திரை பொய்யென்று தள்ளாதீர். ஓலையைப் பிடித்து வந்தவள் கை அது. அவள் விரலோடு பொருத்திப் பார்த்து வாயிலைத் திறக்க.