ஏழு நாயும் என்ர பேரில

யூலை 8, செவ்வாய்

சோளகக் காத்து அள்ளி அடிக்குது. கொடியில போட்ட உடுப்பு ஒண்டும் நிக்கேல்லை. முன்பள்ளிக்குள்ள முழங்கால் மட்டும் மண்.

பத்து மணி. பிள்ளையளுக்குப் பயறு குடுத்துக்கொண்டு நிக்கிறன், ஒரு பொலிஸ்காரர் மோட்டச்சைக்கிளில வந்து இறங்கினார். "பிலோமினா ரீச்சர் ஆர்?" நான்தான் எண்டன். "உங்கட நாய் ஞாயிற்றுக்கிழமை கடிச்சுப் போட்டுதாம். முறைப்பாடு இருக்கு. நாளைக்கு ஸ்ரேசனுக்கு வாங்கோ."

எனக்கு நாயே இல்லை! அப்பிடியே சொன்னன். நாயைக் கண்டால் மற்றப் பக்கத்தால சுத்திப் போற ஆள் நான். அவர் கடதாசியைப் பாத்து வாசிக்கிறார்: பிறவுணி எண்ட நாய், சொந்தக்காரி பிலோமினா, கடி வாங்கினவர் கிறிஸ்தோப்பர் சம்மாட்டி.

பயறுக் கோப்பை கையால நழுவிட்டுது. பிள்ளையள் கை தட்டிச் சிரிக்குதுகள்.

பிறவுணி, வள்ளமும் ஆக்களும் வச்சு மீன் தொழில் செய்யிற அந்தச் சம்மாட்டியின்ர வாடி நாய். கரையில கருவாடு போடுற அந்த வாடிக்குள்ள ஏழு நாய். அவற்ர கருவாட்டைக் காவல் காக்கிறதும் அதுகள்தான், அவற்ர வள்ளத்துக்குக் கீழ படுக்கிறதும் அதுகள்தான். எனக்கும் அதுகளுக்கும் என்ன?

பின்னேரம் வரைக்கும் யோசிச்சுத்தான் விளங்கினது. போன வருசம் கோயில் வளவில நாய்க்கு விசர்நாய் ஊசி போடச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தவர். வாடி நாய் ஏழையும் பொடியள் கயித்தில இழுத்துக்கொண்டு வந்தவங்கள். "சொந்தக்காரர் ஆர்?" ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம், வகுப்பில வீட்டுப்பாடம் செய்யாததுகள் மாதிரி. சம்மாட்டியும் எனக்குப் பக்கத்திலதான் நிண்டவர். "பேர் இல்லாட்டி ஊசி இல்லை" எண்டு பி.எச்.ஐ. பெட்டியைப் பூட்ட வெளிக்கிட்டார். எனக்கு விசர் வந்தது. "என்ர பேரைப் போடுங்கோ ஐயா, ஏழுக்கும்!" எண்டன். சம்மாட்டி வேற, "ரீச்சரின்ர எழுத்து வடிவு, ஊசி அட்டையை அவவே எழுதட்டும்" எண்டார்.

எழுதினன். ஏழு அட்டை. என்ர கையெழுத்து.

யூலை 9, புதன்

ஸ்ரேசன். வெய்யில். இரண்டு மணித்தியாலம் வாங்கில இருந்தது.

நான் ஒரு மொக்கு வேலை பாத்திட்டன். ஏழு அட்டையையும் பிஸ்கட் ரின்னோட கொண்டு போனன். ஊசி போட்ட நாய், விசர் நாய் இல்லை எண்டு காட்டத்தான். சார்ஜன் ஒவ்வொண்டா மேசையில பரப்பினார். "ஏழு நாயோ ரீச்சர்?" பக்கத்தில இருந்தவருக்கும் எட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரிப்பு. அதுவரைக்கும் அவையளிட்ட சம்மாட்டியின்ர வாய்ப்பேச்சு மட்டுந்தான் இருந்தது. சாட்சியைக் கொண்டு போய்க் குடுத்தது நான்!

வாக்குமூலம் எடுத்தினம். வாசிச்சுக் காட்டினவை. பொலிஸ் பிணையில விட்டாச்சு. 23ஆம் திகதி மன்னார்க் கோட்டுக்குப் போக வேணும். குற்றம்: ஆபத்தான நாயை அசட்டையா வச்சிருந்தது. மறியலில போடுவினமோ எண்டு கேட்டன். "அது நீதவான் ஐயா சொல்லுறது" எண்டார் சார்ஜன். நான்! முப்பது வருசமா 'அ' சொல்லிக் குடுத்த நான்!

பி.எச்.ஐ. போனில: கடிச்ச நாயை, கடிச்ச நாளில இருந்து பதினாலு நாள் கட்டி வச்சுப் பாக்க வேணும். ஆர் கட்டுறது? "அட்டையில ஆற்ர பேர் ரீச்சர்?"

பிறவுணி இப்ப எங்கட வேப்ப மரத்தில, வாடிப் பொடியள் இழுத்து வந்து கட்டினவங்கள். வள்ளக் கயிறு. தன்ர சீவியத்தில கட்டுப்படாத நாய், சுத்திச் சுத்தி ஓடி, கழுத்து இறுகி இருமுது. சோறு வச்ச கோப்பையைத் தடியால தள்ளி விட்டன். கிட்டப் போகப் பயம்.

யூலை 10, வியாழன்

முன்பள்ளிக்குப் பொறுப்பான கந்தோரால கடிதம். வழக்கு முடியும் வரைக்கும் வர வேண்டாம். குற்றவாளி எண்டு வந்தால் நியமனம் ரத்து. நாலு வரி. நாலுதரம் வாசிச்சன்.

என்ர மனுசன் மரியதாஸ் கடிதத்தை வாங்கி வாசிச்சார். வலை பொத்திக்கொண்டு இருந்திட்டு, "நாய்க்காகவோடியப்பா?" எண்டார். பேந்து எழும்பிக் கடலுக்குப் போயிட்டார்.

யூலை 11, வெள்ளி

மன்னார். இலவச சட்ட உதவி குடுக்கிற இடம். கதிரை எல்லாம் ஆக்கள். காணிக் கேஸ், தாபரிப்புக் கேஸ். "உங்களுக்கு என்ன பிரச்சினை அம்மா?" "நாய்." கேட்ட பிள்ளை பேனையை வச்சிட்டு என்னைப் பாத்தது.

சட்டத்தரணி மிஸ் சின்னப் பிள்ளை, கெட்டிக்காரி. மூண்டு கேள்விதான் கேட்டவ. ஆர் சாப்பாடு போடுறது? வாடியில விழுற மீன் தலை. எங்க படுக்கிறது? சம்மாட்டியின்ர வள்ளத்துக்குக் கீழ. ஆற்ர பேர்? என்ர.

"இரண்டுக்கு ஒண்டு. அவற்ர நாய் அவரையே கடிச்சிருக்கு. நீங்கள் உதவிக்குப் பேர் குடுத்தனீங்கள், அவ்வளவுதான். கோட்டில 'அது வாடி நாய், என்ர இல்லை' எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

நெஞ்சுக்குள்ள தண்ணி ஊத்தின மாதிரி இருந்தது. அப்பத்தான், நாய் எங்கட மரத்தில நிக்குது எண்டு சொன்னன். மிஸ் நெத்தியில கை வச்சிட்டா. "ரீச்சர், கட்டி வச்சால் நீங்கள் சொந்தக்காரி. அவிட்டு விட்டால் அசட்டை." அப்ப நான் என்ன செய்ய? "சம்மாட்டியிட்டயே திருப்பிக் குடுத்திடுங்கோ. அதுதான் உங்களுக்கு நல்லது."

நல்லது எண்டால் நல்லதுதான். வழக்கு வெல்லும், வேலையும் நிக்கும். பஸ்ஸில வரேக்க கணக்கா யோசிச்சு முடிவெடுத்தாச்சு. ஞாயிறு பூசை முடிய சம்மாட்டியோட கதைக்கிறது.

பஸ்ஸில பின்னால ஒருத்தி: "உவதான் ஏழு நாய் வளக்கிற ரீச்சர்." திரும்பிப் பாத்தன். ஜன்னலால பாக்கிற மாதிரி நடிக்கிறா.

யூலை 13, ஞாயிறு

பூசை முடிஞ்சு வாசலில சம்மாட்டி. காலில கட்டு, நொண்டி நொண்டி வாறார். எனக்கே பாவமாப் போச்சு. "எப்பிடி இருக்கு?" எண்டன்.

"ரீச்சர், உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஊசிக்கு மன்னாருக்கும் இஞ்சையும் அலைஞ்சு சீவன் போகுது. தொழிலுக்கு இறங்கேலாது. நாய் வாயில வச்சிருந்த பாரை மீன் தலையை இழுத்தனான், அதுக்கு உந்தக் கடியோ?"

"அப்ப ஏன் என்ர பேரைச் சொன்னனீங்கள்?"

"அட்டை உங்கட பேரில தானே."

வெக்கமில்லாத மனுசன். அதுவும் கோயில் வாசலில! சரி, நாயைக் கொண்டு போங்கோ எண்டு சொல்ல வாய் எடுத்தன். அதுக்குள்ள அவர் குரலைக் குறைச்சு: "பதினாலு நாள் முடியட்டும் ரீச்சர். பேந்து நாயைத் தாங்கோ. தடியால ரெண்டு போட்டுக் கதையை முடிச்சிட்டு, கேஸையும் வாபஸ் எடுக்கிறன். ஆளைக் கடிச்சுப் பழகினது கரையில நிக்கக் கூடாது."

சொல்லிட்டு நெஞ்சில குருசு அடையாளம் போட்டார், உள்ளுக்கு மணி அடிச்சதால.

நடந்து வந்திட்டன்.

யூலை 16, புதன்

காத்து கொஞ்சம் குறைவு. பாண், மண்ணெண்ணெய், சீனி. கிராம சேவகர் ஜீ.எஸ்.ஸிட்ட நன்னடத்தைக் கடிதம். கோட்டுக்குக் கட்ட வெள்ளைச் சீலை தோய்க்க.

பிறவுணி என்ர செருப்பைத் திண்டிட்டுது. வலது கால். வடிவாப் பேசினன், பிள்ளையளைப் பேசுற மாதிரி. காதை மடிச்சுக்கொண்டு கேட்டுது. சோத்துக் கோப்பையை இண்டைக்குக் கையால வச்சனான். தடி வேண்டாம் எண்டு வச்சனான், ஏனெண்டு தெரியாது.

மரியதாஸ்: "குடுத்திட்டு அலுவலைப் பார். நாய் போனால் வேற நாய். வேலை போனால்?" அவர் சொல்லுறது சரி. சரியெண்டு தெரிஞ்சும் அந்த மனுசனோட சண்டை பிடிச்சன். "அடிச்சுக் கொல்லுறதுக்கு நான் வளத்துக் குடுக்கோணுமோ?" எண்டு கத்தினன். வளத்து! நான் எப்ப வளத்தனான்? சொன்ன பிறகுதான் எனக்கே காதில கேட்டுது.

யூலை 20, ஞாயிறு

கடிச்சுப் பதினாலு நாள் முடிஞ்சுது. பி.எச்.ஐ. வந்து பாத்தார். "நல்ல சுகமா இருக்கு. இனி உங்கட விருப்பம்."

அவர் போன பிறகு கயித்தை நீளமாக்கி விட்டன். கழுத்தடியில மயிர் உதிர்ந்து புண். தேங்காயெண்ணெய் பூசினன். கையை நக்கினது. உடன சவுக்காரம் போட்டுக் கழுவினன், ஆனாலும் பிழையா ஒண்டும் தெரியேல்லை.

யூலை 22, செவ்வாய்

நாளைக்குக் கோட். மிஸ் போனில திருப்பித் திருப்பிச் சொன்னவ: "வாடி நாய். என்ர இல்லை. அவ்வளவுதான் ரீச்சர்." சொல்லிப் பாத்தன், குசினிக்குள்ள நிண்டு. வாடி நாய், என்ர இல்லை. வாடி நாய், என்ர இல்லை.

என்ர இல்லையெண்டால் அது ஆற்ர? சம்மாட்டியின்ர. அவர் தன்ர நாயை என்னவும் செய்யலாம். மிஸ்ஸுக்கு இதைச் சொன்னன். "நான் உங்களுக்குத்தான் வழக்குப் பேசுறன் ரீச்சர், நாய்க்கு இல்லை" எண்டா. நல்ல பிள்ளை. பொய் சொல்லேல்லை.

யூலை 23, புதன்

விடிய ஆறு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டன். மரியதாஸ் பஸ் நிக்கிற இடம் வரைக்கும் வந்தார். "பயப்பிடாத, எல்லாம் நல்லா முடியும்" எண்டார். ரெண்டு கிழமையா என்னோட முகம் குடுத்துக் கதைக்காத மனுசன்.

கோட்டில பத்தரைக்குத்தான் சம்மாட்டி வந்து சேந்தார். புதுச் சேட்டு, முழுகின தலை.

பேர் கூப்பிட்டினம். கூண்டுக்குள்ள ஏறினன். குற்றத்தை வாசிச்சுக் காட்டி, குற்றவாளியா சுற்றவாளியா எண்டு கேட்டினம். "சுற்றவாளி" எண்டன். சரி. பேந்து நீதவான் கண்ணாடியைக் கழட்டிப் போட்டுக் கேட்டார்: "நாய் யாருடையது?"

மிஸ் என்னைப் பாக்கிறா. வாடி நாய், என்ர இல்லை. வாயில வந்து நிக்குது.

"என்ர நாய் ஐயா" எண்டன்.

மிஸ் தலையைக் குனிஞ்சிட்டா. போச்சு, எல்லாம் போச்சு எண்டு நினைச்சன். வேலை, பேர், எல்லாம். அப்ப சம்மாட்டி எழும்பிக் கையைத் தூக்கிறார்! "ஐயா, எனக்கு முறைப்பாடு இல்லை. ரீச்சரோட சமாதானமாப் போறன்." மிஸ் பாய்ஞ்சு எழும்பிக் கதைச்சா. பொலிஸும் சரியெண்டுது. நீதவான் என்னை ஏசினார், இனி நாயை ஒழுங்காக் கட்டி வையுங்கோ, திரும்ப வந்தால் சும்மா விட மாட்டன் எண்டு. வழக்கு முடிஞ்சுது. பத்து நிமிசம்!

வெளியில சம்மாட்டியின்ர ரெண்டு கையையும் பிடிச்சு நன்றி சொன்னன். அழுதும் போட்டன். மனுசருக்குள்ளயும் நல்லது இருக்குத்தானே எண்டு நினைச்சன். அவர் என்ர முகத்தைப் பாக்கேல்லை. "நன்றியை மரியதாஸுக்குச் சொல்லுங்கோ" எண்டிட்டுக் கெதியாப் போயிட்டார்.

கடைத் தெருவில ஒரு சங்கிலி வாங்கினன். கழுத்துப் புண்ணில உரசாமல் இருக்கத் தோல் பட்டியும். சிவப்பு.

ரெண்டு மணிக்கு வீடு. வேப்ப மரத்தில கயிறு மட்டும். மரியதாஸ் படியில குந்தி இருக்கிறார். எழும்பேல்லை.

"நீ பஸ் ஏறின உடன குடுத்திட்டன். வேற வழி இல்லையடியப்பா. உன்ர வேலை..."

"எங்க?" எண்டன். "எங்க இப்ப?"

சம்மாட்டி அலுவலை முடிச்சு, முழுகிப்போட்டுத்தான் கோட்டுக்கு வந்தவராம். ஏழு மணிக்கு முன்னமே அடிச்சு முடிச்சிட்டாராம்.

அப்ப நான் பத்தரைக்குக் கூண்டில நிண்டு "என்ர நாய்" எண்டு சொல்லேக்க அது இல்லை.