மசலா சொன்னது யார்?

அக்கா,

காலையில் கொத்தமல்லி வறுக்கும்போது உங்கள் நினைவு வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகளுக்குப் பின்னால் உங்கள் வீடு. உங்கள் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் நாங்கள் வந்து உட்காருவோம். மார்க்கத்தில் எது கூடும், எது கூடாது என்று உங்களிடம் மசலா கேட்போம். எதிர் வீட்டுக் கவுண்டரம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வாராவாரம் மசாலாங்கறீங்க, ஒரு வாசமும் வரக் காணமே?" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

அன்று ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சாயப்பட்டறை வேலை, விரலெல்லாம் நீலம். "எவ்வளவு தேச்சாலும் போவ மாட்டேங்குதுங்க. தொழப் போறப்ப இந்தக் கையக் கழுவுனா ஒளு கூடாதுன்னுட்டாங்க. தொழுகையவே உட்டுட்டேன்" என்று அழுதாள். அவள் கையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தீர்கள். "படலமா ஒட்டியிருந்தாத்தான் தண்ணி படாது. இது வெறும் நெறம். மருதாணி வெச்ச கையோட தொழறதில்லையா சாமி? போய்த் தொழு." இதை உங்களுக்கு ஓதிக்கொடுத்தது உங்களைப் பெற்ற அத்தா என்பதையும் சேர்த்துச் சொன்னீர்கள். "யாருகிட்ட ஓதுனோம்னு சொல்லாம மசலா சொல்லக் கூடாது" என்பீர்கள் எப்போதும்.

அடுத்த வாரம் பள்ளிவாசல் மைக்கில் ஹஜ்ரத் அதே மசலாவைச் சொன்னார், மருதாணி உட்பட. யாரிடம் கேட்டார் என்று மட்டும் சொல்லவில்லை.

பெண்கள் கூட்டத்தில் நீங்கள் பயான் பேசுவதற்கு நோட்டீஸ் அடித்தபோது ஜமாஅத் தலைவரிடம் நானே போனேன்.

"ஹஜ்ரத்தின் துணைவியார்னா யாருங்க? அக்கா பேரைப் போடுங்க."

"பொம்பள பேரு செவுத்துல இருக்கலாமாம்மா? மழையில கிழிஞ்சு உழுந்தா நாலு பேரு மிதிப்பானுங்க."

"உங்க பேரு உழுந்தா தாண்டிப் போவாங்களாக்கும்? நபியோட மனைவி ஆயிஷா நாயகி அறிவிச்ச ஹதீஸுன்னு மைக்குல சொல்றீங்களே, அது யாரு பேரு?"

சிரித்தார். நோட்டீஸ் மாறவில்லை. "விடு, மசலா போய்ச் சேந்துச்சில்ல" என்றீர்கள். உங்கள் முகம் அப்படிச் சொல்லவில்லை அக்கா.

நீங்கள் கண்மூடி மௌத்தான அன்றும் "ஹஜ்ரத் அவர்களின் மனைவி" என்றுதான் அறிவித்தார்கள்.

பெயரைப் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது. அஞ்சாவதோடு நின்றவள் நான். என் பேத்தி மதரஸாவில் ஓதி ஆலிமா ஆகிவிட்டாள். நாளைக்கு அவளுடைய முதல் பயான். நோட்டீஸைப் பார்த்தால் அவளும் 'இன்னாரின் மகள்'தான். இந்த முறை சண்டைக்குப் போகக் கால் எழவில்லை.

சாயக் கை மசலாவைத்தான் அவள் சொல்லப்போகிறாள். காலையில் நான் வறுத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் வந்து நின்றாள். "நன்னிமா, ஹஜ்ரத் ஊட்டம்மா, ஹஜ்ரத் ஊட்டம்மான்னே சொல்றீங்களே. அவங்க பேரு என்ன? பேரில்லாம நான் எப்படிச் சொல்றது?"

சொன்னேன். உங்கள் அத்தா பெயரையும் சொன்னேன். அவள் கண்ணை மூடி, யாரிடம் யார் ஓதியது என்று பெயர்களை வரிசையாக ஓதிப் பார்த்தாள். முதலில் என் பெயர் வந்தது. என்னிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து உங்கள் அத்தாவுக்கு.

கொத்தமல்லி கருகிவிட்டது.